பேனாவுக்குப் படியளப்பவர் யார்?

கல்லுக்குள் கிடக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான் என்பார்கள். தேரையின் கணக்கு எனக்குத் தெரியாது. ஏடு நடத்துகிறவனுக்கு அப்படி அளந்து போட எவரும் வருவதில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். காகிதக் கடைக்காரர் கணக்குச் சீட்டை நீட்டுகிறார். அச்சகத்தார் ‘சென்ற மாதப் பாக்கி’ என்று மென்மையாக நினைவூட்டுகிறார். அஞ்சலகத்திலோ மென்மையும் கிடையாது, கடனும் கிடையாது. கருத்து மூளையில் ஊறும். காகிதம் ஊறாது, தோழர்களே!

மாவட்டத் தலைநகர் ஒன்றில் பதினோராண்டுகளாக ஒரு திங்களிதழை நடத்தி வருகிறேன். 32 பக்கங்கள், 1,000 படிகள். மாதச் செலவு ஏறத்தாழ 16,000 ரூபாய். சந்தாவும் கடை விற்பனையும் சேர்ந்து 11,000. எஞ்சிய 5,000 ரூபாய்ப் பள்ளம் மாதந்தோறும் வாயிலில் வந்து வாய்பிளந்து நிற்கும், ஆண்டுக்கு 60,000. அந்தப் பள்ளத்தை நிரப்பிய கதையை எழுதும்படி இளைஞர் சிலர் கேட்டார்கள். “எழுதவேண்டும் என்று ஆசை, அண்ணா. அதை வைத்து நாலு காசு காண வழி உண்டா?” என்று கேட்கும்போதே அவர்கள் குரல் தாழ்ந்தது. ஏதோ தகாததைக் கேட்டுவிட்டவர்களைப்போல் கூசினார்கள்.

ஏன் இந்தக் கூச்சம்? கலைமகளும் திருமகளும் ஒரே வீட்டில் தங்கமாட்டார்கள் என்று நம் ஊரில் நெடுங்காலமாக ஒரு பேச்சு. புலவன் பட்டினி கிடந்தால் அரசனின் கருமித்தனத்தைச் சொல்லவேண்டாம்; நூலை விற்கத் தெரியாத முறைகேட்டை ஆராயவேண்டாம்; வைகுந்தத்து மாமியாருக்கும் சத்தியலோகத்து மருமகளுக்கும் சண்டை என்று சொல்லிவிட்டால் போதும்! மண்ணில் விளைந்த வறுமையை விண்ணில் ஏற்றிவிட்டால், கீழே கேள்வி கேட்பாரில்லை. அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிற இளைஞனும், ‘காசு’ என்று சொல்லும் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்துகிறான். பழக்கத்தின் பிடி அத்தகையது.

காசு வாங்கலாம், தம்பி, தாராளமாக வாங்கலாம். யாரிடம் வாங்குகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அலெக்சாண்டர் போப் என்ற ஆங்கிலக் கவிஞன் இருந்தான். கத்தோலிக்கன் என்ற ஒரே காரணத்தால் அவனுக்குப் பல்கலைக்கழகக் கதவும் அரசாங்கப் பதவியின் கதவும் மூடப்பட்டிருந்தன. திறந்திருந்தது பிரபுக்களின் முற்றம். அங்கே நின்று புகழ்பாடிப் பிழைக்கலாம். அவன் காலத்துக் கவிஞர் பலர் அதைத்தான் செய்தார்கள். போப் வேறொன்று செய்தான். ஹோமரின் இலியத் காப்பியத்தை ஆங்கிலத்தில் ஆக்கப்போகிறேன், ஆறு தொகுதிகள், தொகுதிக்கு ஒரு கினி, முன்கூட்டியே கையொப்பமிடுங்கள் என்று அறிவித்தான். 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளும் வெளிவந்தன. ஏறத்தாழ 5,000 பவுன் அவன் கைக்கு வந்தது. கையொப்பமிட்டவர்களில் பிரபுக்களும் இருந்தார்கள் — ஆனால் பல நூறு பேரில் ஒருவராக! ஒருவன் மட்டும் சோறு போட்டால் அவன் எசமானன்; பல நூறு பேர் ஆளுக்கொரு பிடி போட்டால் அவர்கள் வாசகர்கள்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1887 இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், குடந்தைக் கல்லூரியில் ஆசிரியப் பணியும் பார்த்துக்கொண்டு, நூல் வெளிவருமுன்னரே பலரிடம் ஆதரவு திரட்டினார். கையொப்பம் என்றே அன்று அதற்குப் பெயர். இன்று இளைஞர்கள் அதையே புதுப் பெயர் சூட்டிக் கணினியில் செய்கிறார்கள். பெயர் எதுவாயின் என்ன? படிக்கப் போகிறவன் முதலில் பணம் தருகிறான், அவ்வளவுதான்.

ஆனால் பெரிய பணம் அங்கே இல்லை; விளம்பரத்தில் இருக்கிறது. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

1833 செப்டம்பர் 3. நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்னும் அச்சுத் தொழிலர் ‘சன்’ என்ற நாளேட்டைத் தொடங்கினார். மற்ற நாளேடுகள் ஆறு சென்ட். இது ஒரு சென்ட். சிறுவர்களுக்கு நூறு படிகளை 67 சென்டுக்குக் கொடுத்துத் தெருவில் கூவி விற்கச் செய்தார். ஒரு சென்டுக்கு விற்றால் கட்டுபடியாகுமா? ஆகாது, ஆகவேண்டிய தேவையும் இல்லை. கூலிக்காரனும் தையற்காரியும் வாங்குகிற ஏட்டில் தம் சரக்கைக் கூவக் கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். ஏடு வாசகனுக்கு விற்கப்பட்டது, ஒரு சென்டுக்கு; வாசகன் விளம்பரக்காரனுக்கு விற்கப்பட்டான், நல்ல விலைக்கு! இதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆறு சென்ட் கொடுக்க இயலாத ஏழை நாளேடு படித்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

தலையை எண்ணிக் கூலி என்றான பிறகு தலைகளைக் கூட்டவேண்டுமே! 1835 ஆகஸ்ட் 25 தொடங்கி அவ்வேட்டில் ஆறு கட்டுரைகள் வந்தன. வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் மாபெரும் தொலைநோக்கி ஒன்றை அமைத்து நிலவைக் கண்டாராம். அங்கே காடுகளாம், கடல்களாம், காட்டெருமைகளாம், முடிவில் வௌவாலைப்போல் இறக்கை கொண்ட மனிதர்களாம்! கண்ணாடியின் அகலம் இவ்வளவு, எடை இவ்வளவு என்று கணக்கெல்லாம் கொடுத்திருந்தார்கள். ஹெர்ஷல் அப்போது உண்மையிலேயே அந்த முனையில் இருந்தார். வானத்தை ஆராய்ந்துகொண்டும் இருந்தார். பொய்க்கு அந்த உண்மைதான் முட்டுக்கால். மறுத்துச் சொல்ல அவர் பக்கத்தில் இல்லை. சேதி கடல் கடந்து போய்வர மாதங்கள் ஆகும். ஏடு பறந்தது. 19,360 படிகள், உலகிலேயே மிகுதியாக விற்கும் நாளேடு எங்களுடையதே என்று மார்தட்டிக்கொண்டது. புளுகு பின்னர் வெளிப்பட்டது. ஏடு மூடிற்றா? இல்லை! 1950 வரை வாழ்ந்தது.

மதத்தின் பேரால் வரும் அற்புதத்தை அடையாளம் காண நமக்குத் தெரியும். இது தொலைநோக்கியோடு வந்த அற்புதம்; அறிவியல் உடை உடுத்தி வந்த மூடநம்பிக்கை. ஒரு படம் எத்தனை நொடி பார்க்கப்பட்டது என்று எண்ணிக் கூலி தரும் இந்நாளில், இந்தக் கிழங்கை அரைத்துக் குடித்தால் இனிப்பு நோய் மூன்றே நாளில் பறக்கும் என்று ஒருவர் கைப்பேசியில் கண்ணை உருட்டிப் பேசுவதைக் காணும்போதெல்லாம், வௌவால் மனிதர்கள் நிலவிலிருந்து இறங்கி நம்மிடையே குடியேறிவிட்டார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

என் ஏட்டின் வாயிலுக்கும் ஒருவர் வந்தார். இறக்கை இல்லை, வெள்ளைச் சட்டையும் விரல்தோறும் மோதிரமும் இருந்தன. ராசிக்கல் வணிகர். நாங்கள் ஏடு தொடங்கிய மூன்றாம் ஆண்டு அது. “ஐயா, பின்னட்டை முழுவதும் எங்களுக்கு வேண்டும். மாதம் 6,000. ஓராண்டுப் பணத்தை இன்றே தந்துவிடுகிறேன்” என்றார். அந்த வாரம் காகிதக் கடையில் மூன்று மாதப் பாக்கி நின்றது. பள்ளம் 5,000, அவர் நீட்டியது 6,000. பள்ளத்தை நிரப்பி மேடும் போடலாம்.

ஏட்டின் பக்கங்களை அமைக்கும் தம்பி கெட்டிக்காரன். அவர் போனதும் வாதாடத் தொடங்கினான்.

“காசு அவருடையது, கருத்து நம்முடையது, அண்ணா! உள்ளே சோதிடத்தைச் சாடுவோம். வெளியே ஒரு பக்கம்தானே? மூடநம்பிக்கையின் பணத்தைக் கொண்டே பகுத்தறிவை வளர்த்தோம் என்று பெருமைகூடப் பேசலாமே!”

“ராசிக்கல்லைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் எந்தப் பக்கத்தில் போடுவாய்?”

“நடுப்பக்கத்தில் போடுவேன். அவர் என்ன செய்துவிடுவார்?”

“அவர் ஒன்றும் செய்யமாட்டார், தம்பி. முதல் மாதம் நடுப்பக்கத்தில் போடுவாய். மூன்றாம் மாதம், இந்த இதழில் இடமில்லை, அடுத்த இதழில் பார்ப்போம் என்பாய். ஆறாம் மாதம் அப்படியொரு கட்டுரை எழுத நம்மில் யாருக்குமே தோன்றாது. அவர் நம் வாயைப் பொத்த வரவேமாட்டார், நாமே பொத்திக்கொள்வோம்.”

அவன் முழு மனத்தோடு ஒப்பவில்லை. அதையும் சொல்லவேண்டும். கடன்காரனாக நிற்பதைவிட அது மேல் என்பது அவன் எண்ணம். கடன் எத்தகைய இழிவு என்பதை அவன் தன் வீட்டில் பார்த்து வளர்ந்தவன். வணிகருக்கு ‘இயலாது’ என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் துணைவியாரிடம் சேதியைச் சொன்னேன். “நல்லது செய்தீர்கள்” என்றார். உடனே, “ஆனால் அடுத்ததாக என் வளையலை எண்ணாதீர்கள், உங்கள் கொள்கைக்கு என் கை ஈடன்று. வேறு வழி பாருங்கள்” என்றார். கணவனின் கொள்கைக்காகத் தாலியையும் கழற்றித் தரும் மனைவிமார்களைக் கதைகளில் நிறையப் படித்திருக்கிறோம். அவர்களுக்குக் கோயில் கட்டுவதைவிட, இந்தப் பதிலுக்குச் செவிசாய்ப்பது நலம் என்று எனக்குப் பட்டது.

வேறு வழி! அந்தச் சொல்லோடு நூலகத்துக்குப் போனவனுக்கு வால்டேர் கிடைத்தார். மன்னரையும் மதகுருமாரையும் நடுங்க வைத்த அந்தப் பேனா, யார் போட்ட சோற்றில் வாழ்ந்தது என்று நாம் கேட்பதே இல்லை. 1729 இல் பிரெஞ்சு அரசு நடத்திய ஒரு பரிசுச் சீட்டுத் திட்டத்தில் கணக்குப் பிழை இருந்தது; சீட்டுகளின் மொத்த விலையைவிடப் பரிசுத் தொகை பெரிது. லா கொந்தமீன் என்னும் கணித அறிஞர் அதைக் கண்டுபிடித்தார். வால்டேரும் அவரும் நண்பர்களைச் சேர்த்துச் சீட்டுகளை வாரி வாங்கினார்கள்; பெருஞ்செல்வம் ஈட்டினார்கள். பிற்காலத்தில், ஃபெர்னே என்ற ஊரில் வாழ்ந்தபோது, 1770 இல் ஜெனீவாவிலிருந்து வந்த கடிகாரத் தொழிலாளர்களுக்கு இடம் கொடுத்துக் கடிகாரப் பட்டறை வைத்தார். ஐரோப்பாவின் அரண்மனைகளுக்குக் கடிதம் எழுதிக் கடிகாரம் விற்றார். ருசிய அரசி காதரீனும் வாங்கினாள். பேனாவும் கையுமாக இருந்த கிழவர், பேனாவை விற்கவில்லை, கடிகாரத்தை விற்றார்! (சீட்டு வழியை நான் பரிந்துரைக்கவில்லை. நம் மாநிலத்தில் 2003 இலேயே அதற்குத் தடை வந்துவிட்டது. கணக்குப் பிழையுள்ள சீட்டும் எளிதில் கிட்டாது.)

எங்களிடம் கடிகாரப் பட்டறை ஏது? காலத்தை அளக்க இன்னொன்று உண்டே — நாள்காட்டி! நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். இராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராட்டமம்! ஒரு நாளில் நல்ல நேரத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நாளே முடிந்துவிடும். இவை ஒன்றுமில்லாத பன்னிரண்டு தாள் நாள்காட்டி ஒன்றை அச்சிட்டோம். பிப்ரவரி 12 என்றால் 1809 இல் டார்வின் பிறந்த நாள். பிப்ரவரி 28 என்றால் 1928 இல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். நவம்பர் 7 என்றால் 1867 இல் மேரி கியூரியும் 1888 இல் சி. வி. இராமனும் பிறந்த நாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் வாங்குகிற கடையின் பெயர். மருந்துக் கடை, பாத்திரக் கடை, மிதிவண்டிக் கடை என்று ஏறி இறங்கினோம். “இராகு காலம் இல்லாத காலண்டரை எவன் மாட்டுவான்?” என்று கேட்ட பாத்திரக் கடைக்காரரே ஐம்பது வாங்கினார். பொங்கலுக்குப் பிறகு அவர் கடைக்குப் போனேன். எங்கள் நாள்காட்டி மாட்டியிருந்தது. கிழமைகளின் தலையில் இராகு காலத்தை யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்! சிரித்தேன், அவரும் சிரித்தார். மேரி கியூரி அந்தக் கடையின் சுவரில் ஓராண்டு இருந்தார் என்பதை அந்தப் பேனா மாற்றிவிடவில்லை. சென்ற ஆண்டு 1,500 நாள்காட்டிகள் விற்றன. ஒன்றுக்குப் பதினான்கு ரூபாய் மிஞ்சிற்று.

அடுத்தது மணவிழா நூல். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967 இல் சட்ட ஏற்பு கிடைத்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது; ஐயர் போனார், ஆனால் தாம்பூலப் பை போகவில்லை. தேங்காய்க்கு மாறாக 48 பக்க நூல் ஒன்று கொடுத்தால் என்ன? அட்டையின் உட்பக்கத்தில் மணமக்களின் பெயர், விழா நாள். உள்ளே, குழந்தை வளர்ப்பு, குருதிக்கொடை, பெண்ணின் சொத்துரிமை, கோள்மறைப்பு ஏன் நிகழ்கிறது என்பன போன்ற பொருள்களில் எங்கள் ஏட்டில் வந்த கட்டுரைகள். ஒரு விழாவுக்கு 300 படிகள். தேங்காயின் விலைகூட ஆகவில்லை என்று முதல் மணமகனின் தந்தையார் கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் மளிகைக் கடைக்காரர், கணக்குத் தவறாது. ‘மணவிழாவில் கிடைத்த நூலைப் படித்தேன்’ என்று எழுதிச் சந்தா அனுப்பியவர்களும் உண்டு.

சிறு நூலால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தின் ஜிரார்டு என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, எமானுவேல் ஹால்டிமன் ஜூலியஸ் என்ற பகுத்தறிவாளர் 1919 முதல் சட்டைப் பைக்குள் அடங்கும் நூல்களை அச்சிட்டார். விலை படிப்படியாக இறங்கி ஐந்து சென்டில் நின்றது. இங்கர்சால், ரசல், ஷேக்ஸ்பியர் — எதுவாயினும் அதே ஐந்து சென்ட்! அஞ்சலில் கோடிக்கணக்கில் விற்றார். தன் ஏட்டின் வாசகர்களுக்கு எழுதி, ஐந்து டாலர் முன்னதாக அனுப்புங்கள், ஐம்பது நூல்கள் வரும் என்று சொல்லி முதல் திரட்டியவர் அவர். போப் கண்ட அதே வழி!

அவரிடம் ஒரு குறும்பும் இருந்தது. விற்காத நூலின் தலைப்பை மாற்றுவார். கோத்தியே என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் கதையொன்று ‘பொன் கம்பளி’ என்ற பெயரில் ஆண்டுக்கு 6,000 விற்றது. ‘பொன்னிறக் கூந்தல் காதலியைத் தேடி’ என்று பெயர் மாற்றினார், 50,000 விற்றது! இது வௌவால் மனிதன் வேலைதானே என்று கேட்பீர்கள். நான் அப்படிக் கருதவில்லை. அந்தக் கதையின் நாயகன் உண்மையிலேயே அப்படியொரு காதலியைத் தேடித்தான் அலைகிறான். உள்ளே இருந்ததை உரத்துச் சொன்னார், இல்லாததைச் சொல்லவில்லை. ஆயினும், எங்கள் குருதிக்கொடை நூலுக்குக் கவர்ச்சியான பெயர் வைக்கலாம் என்று தம்பி கொண்டுவந்த பட்டியலை நான் ஏற்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளிகளின் பொன்விழா மலர்களைத் தொகுத்துத் தருகிறோம். ஆய்வேடுகளுக்கு மெய்ப்புத் திருத்துகிறோம். கூட்டத்துக்குப் பேச அழைத்தால் நூல்மூட்டையோடு போகிறோம். பேசிவிட்டு நூலை விற்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தந்தை பெரியார் தம் கையெழுத்துக்கும், தம்மோடு நின்று படம் எடுப்பதற்கும், குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கும் காசு கேட்டார். எல்லார் முன்னிலையிலும் கேட்டார்; இயக்கத்துக்குச் சேர்த்தார். நமக்கென்ன வெட்கம்?

ஒன்றை மட்டும் நாங்கள் தொடவில்லை — ஆயுள் சந்தா. 2,000 ரூபாய் கொடுத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் ஏடு வரும் என்று அறிவிப்பது எளிது. பணம் முதலாண்டிலேயே காகிதமாகிக் கரைந்துவிடும்; கடமை முப்பது ஆண்டு நிற்கும். கேட்க வருவாய்போல் இருக்கும். கணக்கில் அது கடன். எனக்குத் தெரிந்த இரு சிற்றேடுகள் ஆயுள் சந்தாதாரர்களின் ஆயுளுக்கு முன்பே தம் ஆயுளை முடித்துக்கொண்டன.

வரவு செலவை ஆண்டுதோறும் ஏட்டிலேயே அச்சிடுகிறோம். சென்ற ஆண்டு நாள்காட்டியில் 21,000, எட்டு மணவிழாக்களின் நூல்களில் 24,000, மலர்த் தொகுப்பிலும் மெய்ப்புத் திருத்தத்திலும் 18,500. ஆக 63,500 ரூபாய். பள்ளம் 60,000. கணக்கு வெளிவந்த பத்தாம் நாள் ஒரு சிற்றூரிலிருந்து அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஆண்டுக்கு 180 ரூபாய் செலுத்தும் சந்தாதாரர், நெசவாளர். பாராட்டு ஒரு வரி. அதன்கீழ் ஒரு கேள்வி: தேநீர்ச் செலவு 2,140 ரூபாய் என்று போட்டிருக்கிறதே, யார் குடித்தது? அடுத்த இதழில் விடை வெளிவரும்.